திறப்பு கையில், வீடு யார் பெயரில்?

மட்டக்குளி, தெமட்டகொடை, வனாத்தமுல்லை, கொலன்னாவைச் சாலமுல்லை. கொழும்பின் இந்தப் பக்கங்களில் அரசு கட்டிக் கொடுத்த தொடர்மாடிகளில் "வீடு ஒண்டு இருக்கு, ஆளுக்கு அவசரமாக் காசு தேவை" என்று புரோக்கர் சொன்னால் உடனே கேட்க வேண்டியது: உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம், இருக்கிறதா? "எல்லாக் கடதாசியும் இருக்கு" என்பது அதற்குப் பதில் ஆகாது.

அண்மையில் ஏமாந்த ஒரு குடும்பத்திடமும் எல்லாக் கடதாசியும் இருந்தன. புறக்கோட்டைக் கடையில் வேலை செய்து ஓய்வு பெற்ற தகப்பனின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு, தாயின் நகை, மகள் இரண்டு வருடம் சேர்த்தது எல்லாம் சேர்த்து 32 இலட்சம். திறப்பு அன்றைக்கே கைக்கு வந்தது. தரைக்கு டைல் பதித்து, குளியலறையையும் திருத்திக் குடியேறினார்கள். பழைய குடியிருப்பாளர் இறந்த பிறகு அவருடைய மகள் வந்து கதவைத் தட்டினாள். அதன் பின்னால், வீட்டில் இருப்பது யார் என்று கணக்கெடுக்க அதிகாரிகளும் வந்தார்கள். அவர்களின் இடாப்பில் இந்தக் குடும்பத்தின் பெயரே இல்லை.

வாங்கியபோது கொடுக்கப்பட்ட கடதாசிக் கட்டுக்குள் இருந்தவை: ஒதுக்கீட்டுக் கடிதத்தின் மூலப்பிரதி, சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி, ஒரு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), ஒரு மரணசாசனம், மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும். இதே கட்டுத்தான் கொழும்பு முழுவதும் சுற்றுகிறது. பெயர்களை மாற்றினால் அடுத்த ஆளுக்குத் தயார். அதனால் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒதுக்கீட்டுக் கடிதம் என்பது அதில் பெயர் உள்ளவர் குடியிருக்கலாம், தவணை கட்ட வேண்டும் என்பதற்கான கடிதம். தவணை முழுவதும் கட்டி உறுதி எழுதப்படும் வரை வீடு அவருடையது ஆகாது. தன்னுடையது ஆகாததை அவர் எப்படி விற்பது? கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும், ஆனால் சிங்களத்தில். வாசிக்கத் தெரியாதவர் புரோக்கரிடமே கொடுத்து "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். இதைவிட மோசமான மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார்.

சத்தியக்கடதாசியால் வீடு கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தை விற்பது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்), இரண்டு சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் கையெழுத்திடப்பட வேண்டும். சமாதான நீதவானின் முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. "உறுதி எழுதினா முத்திரை வரி போகும், இது மிச்சம்" என்று சொல்வார்கள். கணக்குப் பார்த்தால், முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 32 இலட்சத்துக்கு 1,27,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் 32 இலட்சமும் போனது.

அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். அவர் மனம் மாறினால் இரத்துச் செய்யலாம், இறந்தால் தானாகவே முடிந்துவிடும். மரணசாசனத்தை எழுதியவர் நாளைக்கே இன்னொன்றை எழுதலாம். தனக்கு உறுதி இல்லாத வீட்டை எழுதி வைப்பதாலும் பயனில்லை. அந்தக் கடதாசிக் கட்டுக்குள் மிகத் தந்திரமானவை இவை இரண்டும்தான். ஒன்று ஆள் இருக்கும்போது, மற்றது ஆள் போன பிறகு என்று பார்க்க ஓட்டை இல்லாத ஏற்பாடு போலத் தெரியும்.

மின்சாரப் பட்டியல், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு ஆகியவை நீங்கள் அங்கே இருப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. இன்னொரு பொறி: வாங்கியவரே மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டுவார். பற்றுச்சீட்டு எல்லாம் பழைய ஆளின் பெயரில் வரும். அவருடைய கடனை அவருக்காகத் தீர்த்துக் கொடுத்ததாகத்தான் அது பதிவாகும்.

"பத்து வருஷம் இருந்தா வீடு நமக்குத்தானே" என்பதும் அடிக்கடி காதில் விழும். தனியார் காணிக்கு 10 வருட ஆட்சி உரிமை உண்டு. அரச காணிக்கு எதிராக அது ஓடாது. வீட்டை ஒதுக்கிய அரச நிறுவனம் வெளியேற்ற நினைத்தால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே குடியிருப்பவர் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து அதிகாரம் மட்டுமே. காசு கொடுத்த கதையையோ டைல் பதித்த செலவையோ சொல்ல அந்த வழக்கில் இடமில்லை.

இதற்குப் பிறகும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், முற்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரையே கூட்டிக்கொண்டு வீட்டை ஒதுக்கிய நிறுவனத்துக்குப் போங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை என்றால் பத்தரமுல்லை செத்சிரிபாய. தேசிய வீடமைப்பு அதிகார சபை என்றால் கொம்பனித்தெரு. வீடு யார் பெயரில், நிலுவை எவ்வளவு, உறுதி எழுதியாயிற்றா, கைமாற்ற அனுமதி உண்டா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. விற்பவர் "கந்தோருக்கு வரமாட்டேன், அங்க எனக்கு ஆள் இருக்கு" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். அமைச்சரின் ஆள் மூலம் புது வீடு எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவனைப் பற்றி எழுதவே தேவையில்லை.

உறுதி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போய்த் தேட வேண்டும். குறைந்தது 30 வருடப் பதிவைப் பார்ப்பது வழக்கம். புதிய தொடர்மாடி என்றால் வீட்டுக்குரிய பதிவேட்டுத் தாளையும் அதற்கு முந்திய காணியின் தாளையும் பாருங்கள். ஈடு, தடை, வழக்கு ஏதாவது பதிவாகியிருந்தால் அங்கே தெரியும். நொத்தாரிசு உங்களுடையவராக இருக்கட்டும். விற்பவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால் சாட்சிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டம் நடப்பது இந்த இடத்தில்தான்: புரோக்கர் கூட்டி வரும் இரண்டு பேரும் "தெரியும்" என்று கையெழுத்திட்டு விட்டுப் போவார்கள். எழுதிய உறுதியை உடனே பதியுங்கள். நீங்கள் பதியாமல் வைத்திருந்தால், பின்னால் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் உங்களை முந்திவிடுவார்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துத் தனியார் மாடிகளில் ஏமாற்று வேறு மாதிரி. ஏழெட்டுப் பேர்ச் காணியில் அனுமதிக்கு மேலாக ஒரு மாடி ஏற்றி, அதைப் "பிரிக்கப்படாத பங்கு" என்று உறுதி எழுதி விற்பார்கள். விலை அக்கம்பக்கத்தைவிட நன்றாகக் குறையும். அந்த உறுதியில் உங்கள் மாடி, கதவிலக்கம் எதற்கும் தனி இருப்பு கிடையாது. மொத்தக் காணியில் ஒரு பின்னம்தான். பங்காளிகளில் ஒருவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் எல்லோரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதுதான். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி பதிந்த வரைபடமும், மாநகர சபையின் சி.ஓ.சி.யும் (அனுமதித்தபடிதான் கட்டப்பட்டது என்ற சான்றிதழ்) கேளுங்கள். நேரே வங்கிக்குப் போய் இந்த வீட்டுக்குக் கடன் தருவீர்களா என்று கேட்பதும் நல்ல சோதனை. கடன் எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள்.

காசை எப்போதும் விற்பவரின் வங்கிக் கணக்குக்கே போடுங்கள், புரோக்கரின் கணக்குக்கு வேண்டாம். ஏற்கனவே கொடுத்து ஏமாந்தவர்கள் பொலிசில் முறைப்பாடு செய்யும்போது "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாற்றிப் பொருள் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403 ஆம் பிரிவில் வருகிற குற்றம் என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்ப வேண்டாம். காசை மீட்கும் வழக்குக்கு எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம்தான் கால எல்லை. "இந்தா தாறன், அடுத்த மாசம் தாறன்" என்று இழுப்பவன் அந்த 3 வருடத்தை எண்ணிக்கொண்டுதான் இழுக்கிறான்.