யுடோஃபுவா, யுபாவா? கியோட்டோவில் ஒரு வேளைச் சாப்பாடு

கியோட்டோ போகிற சைவ நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். ஒரு வேளைக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது, யுடோஃபு (வெந்நீரில் சூடாக்கிய டோஃபு) கடைக்குப் போவதா, யுபா (சோயா பாலின் மேல் படியும் ஆடை) கடைக்குப் போவதா? போன ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அங்கே இரண்டையும் அடுத்தடுத்த நாள் சாப்பிட்டோம், அப்புறம் டோக்கியோவுக்கு வடக்கே இருக்கிற நிக்கோவிலும் யுபா சாப்பிட்டோம். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட யுடோஃபு. முதல் வாயில் யுபாதான் அதிக ருசி, அதில் சந்தேகமே இல்லை, ஆனாலும் யுடோஃபு.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், சோயா பால். கடல்நீரில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரை நிகாரி என்பார்கள்; அதை விட்டுப் பாலை உறைய வைத்தால் டோஃபு. எதையும் சேர்க்காமல், கொதிக்கவும் விடாமல், 80 டிகிரி வாக்கில் அகலமான பாத்திரத்தில் வைத்திருந்தால் மேலே ஆடை படியும். அதை மூங்கில் குச்சியால் தூக்கி எடுத்தால் யுபா. பால் காய்ச்சுகிற எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம்தான்.

யுடோஃபு பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஒரு மண்சட்டி, அடியில் கோன்பு என்கிற கடற்பாசி ஒரு துண்டு, தண்ணீர், வெள்ளை வெள்ளையாக டோஃபு, அவ்வளவுதான். இதற்கு 3,000 யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டுமா என்று தோன்றும். நான்சென்ஜி கோயிலைச் சுற்றித்தான் இந்தக் கடைகள் அதிகம். 1291-இல் தொடங்கிய ஜென் கோயில் அது; புலால் தொடாத துறவிகளுக்கு டோஃபுதான் புரதம், கியோட்டோவின் நிலத்தடி நீரும் டோஃபுவுக்குப் பேர்போனது. ஒகுடான் என்கிற கடை 1635-இலிருந்து நடப்பதாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஜுன்செய் இருக்கிறது, அங்கே யுடோஃபு, யுபா இரண்டுமே கிடைக்கும், கூட்டமாகப் போய் ஆளுக்கொரு ஆசை இருந்தால் அது வசதி.

சாப்பிடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, இது தெரியாமல்தான் பலர் ஏமாந்து வருகிறார்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. கொதித்தால் டோஃபுவுக்குள் ஓட்டை ஓட்டையாக விழுந்து, இறுகி, ரப்பர் மாதிரி ஆகிவிடும். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்போது துண்டு லேசாக ஆட ஆரம்பிக்கும், அதுதான் சமயம், ஓட்டைக் கரண்டியால் ஏந்தி எடுத்து, சூடான சோயா சாற்றில் (சோயா சாஸில்) வைத்து, நறுக்கிய வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் போட்டு வாயில் வைக்க வேண்டும். முதல் துண்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது துண்டைச் சாறு தொடாமல் சும்மா சாப்பிட்டுவிட்டு, “இது இனிக்குதுடா” என்றார். அந்தப் பயறு இனிப்பு மெதுவாகத்தான் வரும். வெளியே இரண்டு டிகிரி குளிர், உள்ளே சட்டியிலிருந்து ஆவி முகத்தில் அடிக்கிறது, கூடவே மிசோ என்கிற சோயா விழுது தடவிச் சுட்ட டோஃபு, எள்ளு டோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புரா, சோறு, ஊறுகாய் என்று வந்துகொண்டே இருந்தது. ஒன்று போல இன்னொன்று இல்லை, அதனால் திகட்டவே இல்லை.

மறுநாள் யுபா. மேசையிலேயே சதுரப் பாத்திரத்தில் சோயா பாலைச் சூடாக வைத்துவிடுகிறார்கள். சில நிமிடம் பொறுத்தால் மேலே மெல்லிய சுருக்கம் விழும், ஓரத்தைக் குச்சியால் விடுவித்து அடியில் விட்டுத் தூக்கினால் ஈரத்துணி போல மடிந்து தொங்கும், பால் சொட்டும். வசாபி என்கிற காரமான பச்சை விழுதும் சோயா சாற்றில் ஒரு துளியும் போதும். வெண்ணெய் மாதிரி இருந்தது. “பாலேடு” என்று அம்மா உடனே சொல்லிவிட்டார். யுபா என்பதற்குக் கியோட்டோவில் எழுதுகிற எழுத்துகளுக்கு வெந்நீர், இலை என்று பொருள். நமக்கும் ஏடு என்றால் பாலின் மேல் படிவதும்தான், ஓலையும்தான்.

முதல் இரண்டு மூன்று ஏடுதான் கொழுப்பும் மணமுமாக இருக்கும், போகப் போகத் தடித்து இனிப்பு ஏறும். அது பரவாயில்லை. எனக்குக் குறையாகப் பட்டது முழுச் சாப்பாடுதான். பச்சை யுபா, பொரித்த யுபா, சூப்பில் யுபா, சோற்றின் மேல் கூழான சாற்றோடு யுபா. நாலாவது தட்டில் நாக்கு மரத்துப்போகிறது. விலையும் பெரும்பாலும் யுடோஃபுவைவிட ஏறித்தான் இருக்கும்.

நிக்கோ யுபா வேறு சாதி. கியோட்டோவில் ஓரத்தில் பிடித்து ஒற்றை ஏடாக எடுப்பார்கள், நிக்கோவில் நடுவில் குச்சியை விட்டுத் தூக்குவதால் இரண்டாக மடிந்து தடிமனாக வரும். அங்கே எழுதுவதும் வேறு, வெந்நீர் அலை! சுருட்டிப் பொரித்து, இனிப்பான சாற்றில் வேகவைத்ததுதான் அங்கே எனக்குப் பிடித்தது, கடித்தால் சாறு பீறிடும். டோக்கியோவோடு திரும்புகிறவர்கள் நிக்கோவின் தோஷோகு கோயிலைப் பார்க்கப் போகிற நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம், யுபாவுக்காகக் கியோட்டோ வரை போக வேண்டாம்.

சைவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சட்டியில் இருக்கிற தண்ணீர் கோன்பு மட்டும்தான், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் பெரும்பாலும் கத்சுவோ, அதாவது காய்ந்த சூரை மீன் சாறு கலந்திருக்கும். ஒரு கடையில் இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னார்கள், நாங்களும் நம்பி உட்கார்ந்துவிட்டோம், பாதியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அன்று மனசே சரியில்லை. முன்பதிவு செய்யும்போதே கத்சுவோ கூடாது என்று சொல்லிவிடுங்கள். வெறும் சோயா சாற்றைத் தனியாகக் கேட்டாலும் தருவார்கள். நான்சென்ஜி பக்கம் பல கடைகள் சாயங்காலத்துக்குள் மூடிவிடும், அதனால் மதியத்துக்கே போய்விடுங்கள்.

சரி, யுபாவை விடவும் மனசில்லை என்றால் கியோட்டோவின் நிஷிகி சந்தைக்குப் போங்கள். பச்சை யுபா சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். நாங்கள் கடைசி நாள் ஒன்று வாங்கி அறைக்குக் கொண்டுவந்தோம். நான் சோயா சாற்றைத் தேடிக்கொண்டிருந்தேன், அம்மா அதற்குள் காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து மேலே தூவி, பாதியை எனக்கு நீட்டினார்.