9 வோல்ட் ஹெட்போன் ஆம்ப் கிட்: சத்தம் பிரமாதம், பேட்டரி பாதுகாப்பு அரைகுறை

சிமோய் வகை கிட்தான், அதாவது நாமே கட்டிக்கொள்ளும் பாக்கெட் சைஸ் ஹெட்போன் ஆம்ப். ஒலியைப் பெருக்கும் ஓபிஏ2134 சிப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சின்ன மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும் போர்டு. இரைச்சல் காதில் விழவே இல்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எல்லாம் பேட்டரி பக்கம். அந்தக் கிளிப் தலைகீழாக மாட்டாதுதான், ஆனால் அவசரத்தில் முனைகள் மாறி ஒரு நொடி உரசினாலே சிப் போய்விடலாம், எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கும் ஆகாது. அதைத் தடுக்க, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4001 டயோடை பேட்டரியோடு தொடரில் போட்டிருக்கிறார்கள். சரி, பாதுகாப்புதான், ஆனால் 0.6, 0.7 வோல்ட்டை அது விழுங்கிவிடுகிறதே! புது பேட்டரியில் தெரியாது. 7 வோல்ட்டுக்கு இறங்கியதும் வால்யூமைக் கூட்டினால் டிரம் அடியெல்லாம் பிசிறடிக்கிறது.

நான் அந்த டயோடைக் கழற்றிவிட்டு பி-சேனல் மாஸ்ஃபெட் வைத்தேன், சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர் அது. அதன் மூன்று கால்களில் டிரெயின் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, சோர்ஸ் சர்க்யூட்டுக்கு, கேட் மைனஸுக்கு. இழப்பு ஓரிரு மில்லிவோல்ட்தான், பேட்டரி முனைகள் தலைகீழாகப் பட்டால் கரண்ட் ஓடாது. வழக்கப்படி சோர்ஸை பேட்டரி பக்கம் வைத்துவிடாதீர்கள், மாஸ்ஃபெட்டுக்கு உள்ளேயே இருக்கும் டயோடு வழியாகத் தலைகீழ் கரண்ட் தாராளமாகப் போய்விடும். இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் அதே இடத்தில் 1என்5817 ஷாட்கியை, அதாவது குறைவாக வோல்ட்டை விழுங்கும் டயோடைப் போடலாம், இழப்பு ஏறக்குறைய 0.2 வோல்ட்டோடு போகும்.

கிட்டை வாங்கலாம். அப்புறம், கடையிலேயே ஒரு மாஸ்ஃபெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.