மாண்டா திருக்கையா, சங்குப்பூவா: குறிப்பேட்டுக்கு எது?

ஓர் உயிரினத்தை மட்டும் ஆண்டு முழுவதும் கவனித்துக் குறிப்பேடு எழுத எண்ணியபோது, பெருங்கடல் மாண்டா திருக்கையும் சங்குப்பூக் கொடியும் என் மனத்தில் போட்டியிட்டன. சங்குப்பூவையே தேர்ந்தேன், அந்தச் சாய்வு இந்த அலசலிலும் இருக்கும்.

பிரமிப்பில் திருக்கைக்கு நிகரில்லை. அதன் உடல் 7 மீட்டர் அகலம் வரை விரியும். ஆனாலும் அது நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவையுயிரிகளை வடிகட்டி உண்ணும் சாது. வயிற்றுப்புறப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், படத்தை வைத்தே தனித்தனியாக அடையாளம் காணலாம். எனினும் திருக்கையை நான் அறிந்தது பெரும்பாலும் நூல்கள், காணொளிகள் வழியாகத்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது தலைமுறைக் காலம். திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சூல் சுமந்து பொதுவாக ஒரே குட்டியை ஈனும்; அது பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். சங்குப்பூவோ விதையிலிருந்து விதை வரை சில மாதங்களில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. கடினமான விதையுறையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். பட்டாணிப் பூவில் மேலே நிமிர்ந்து நிற்கும் கொடியல்லி என்னும் பெரிய இதழ் இதில் தலைகீழாகத் திரும்பிக் கீழே விரிவதால், மகரந்தத்தாள்களும் சூல்முடியும் மேற்புறம் அமைந்து, உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் உரசுகின்றன. மலர் விரியுமுன்பே தன் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் நடந்துவிடுவதால், தேனீ வராவிட்டாலும் காய் பிடிக்கும். அந்தத் தட்டையான காய் முற்றிக் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைச் சிதறவிடும். கொடியைப் பிடுங்கி வேரிலுள்ள சிறு முடிச்சான வேர்முண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்கள் செயலில் இருப்பதற்கு அதுவே அடையாளம். ஒரு நாள் பார்க்கத் தவறினாலும் மறுநாள் வேறொரு பூ இருக்கும். இந்த வசதி திருக்கையிடம் கிடையாது.

பராமரிப்பு எளிது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். உறைபனியை மட்டும் இக்கொடி தாங்காது.

ஒருவர் அடிக்கடி கடலில் மூழ்குபவராகவும், பலர் சேர்ந்து பல ஆண்டுகள் நடத்தும் பதிவேட்டுக்குப் பங்களிப்பவராகவும் இருந்தால், திருக்கையைத் தேர்வதே பொருத்தம். அவர் துரத்திச் செல்லாமல் வயிற்றுப்புறம் தெளிவாக விழும் படத்தை எடுத்து, அதனுடன் நாள், இடம், ஆழம் ஆகியவற்றையும் குறித்துவைக்க வேண்டும்.