கொட்டேஷனில் நாலு விளக்கு, கூடத்தில் ஒன்று: புடவைப் படம் எடுக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டிலிருந்தே ஆன்லைனில் புடவை விற்கிறவர்கள், ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள். தீபாவளிச் சரக்கைப் படமெடுக்க சென்னையில் ஓர் இடத்தில் கொடுத்தேன். பணமும் போனது, சீசனும் போனது.

கொட்டேஷன் பார்க்க அவ்வளவு அழகு. கீ லைட் (முக்கிய விளக்கு), ஃபில் லைட் (நிழலைக் குறைக்கும் விளக்கு), ஹேர் லைட் (கூந்தலுக்குப் பின்னாலிருந்து), பின்னணிக்குத் தனி விளக்கு, ஸீம்லெஸ் பேப்பர் (மடிப்பில்லாத பின்னணிக் காகிதம்), சுத்த வெள்ளைப் பின்னணி, கலர் கரெக்‌ஷன் என்று வரிக்கு வரி தனித்தனித் தொகை. வந்த படங்களும் போனில் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தன. பார்சல்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தலைவலி தொடங்கியது. "படத்தில் காபிப்பொடி கலர் பார்த்து ஆர்டர் போட்டேன், அரக்கு அனுப்பியிருக்கீங்களே?" என்று ஒருவர். அடுத்தவர் கேட்டது மயில்கழுத்து. அவர் கையில் இருந்ததும் மயில்கழுத்துதான், ஆனால் படத்தில் அது வெறும் நீலம். திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் கூரியர் செலவு என் தலையில்.

அப்புறம் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள்: மாடலின் கண்மணியை மட்டும் பெரிதாக்குங்கள். முன்னால் இருந்த விளக்குகள் அதில் அப்படியே தெரியும். எனக்கு வந்த படங்களில் நட்டநடுவே ஒரே ஒரு சதுர சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கு). அதற்கு மேலே நீளநீளமாக வெள்ளைக் கோடுகள், அதாவது கூரை டியூப்லைட். அதைக்கூட அணைக்கவில்லை! ஹேர் லைட் பின்னாலிருந்து வருவதால் கண்ணில் தெரியாதுதான். ஆனால் அது இருந்திருந்தால் கூந்தல் ஓரத்திலும் தோளிலும் மெல்லிய ஒளிக்கோடு விழுந்திருக்கும். அதுவும் இல்லை.

பின்னணி விஷயம் இன்னும் மோசம். வெள்ளைப் பேப்பரைத் தொங்கவிட்டால் மட்டும் படத்தில் வெள்ளை வந்துவிடாது. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதனால் மாடலுக்குப் பின்னால் தள்ளியிருக்கும் பேப்பர், தனி விளக்கு இல்லாமல் சாம்பல் நிறமாகத்தான் விழும். அமேசான் போன்ற தளங்களில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255, 255, 255-இல் இருக்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாஃப்ட்வேரில் உருவத்தை வெட்டி வெள்ளையில் ஒட்டிவிட்டார்கள். முந்தானைக் குஞ்சம் பாதி காணோம். பின்னணி விளக்குக்கு மட்டும் காசு வாங்கியாகிவிட்டது.

நேரில் போய்க் கேட்டால், "மேடம், எல்லாம் எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்" என்றார் ஸ்டூடியோக்காரர். பண்ண முடியாது. டியூப்லைட்டின் நீலம் கலந்த வெளிச்சம் ஒரு பக்கம், சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம் இன்னொரு பக்கம் விழுந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். மலிவான எல்ஈடியில் சிவப்பு குறைவு. அரக்கு காபிப்பொடி ஆனது அதனால்தான் என்று நினைக்கிறேன். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்றொரு அளவு இருக்கிறது, 100 வரை போகும். துணிக்கு 95-க்கு மேல் உள்ள விளக்கைக் கேளுங்கள். மயில்கழுத்து வேறு கதை. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்து மடிப்பு எழும்பினால்தான் இரண்டும் மாறிமாறித் தெரியும். நேர் எதிரே விளக்கை வைத்தால் அந்த ஜாலமே செத்துவிடும். ஜரிகையும் அப்படித்தான், வெளுத்துப்போய் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிட்டது. வெளுத்த இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது, எடிட்டிங்கில் எதை மீட்பது?

இனி யாரிடம் கொடுத்தாலும் அட்வான்ஸுக்கு முன் உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான நிறத்தில் ஒரு புடவையைக் கொடுத்து மாதிரிப் படம் கேளுங்கள். வாசல் வெளிச்சத்தில் புடவையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஷாட்டில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டை) வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ரா ஃபைல் (எடிட் செய்யாத, கேமராவில் பதிவான மூலக் கோப்பு) தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் "ரா கொடுக்கிற வழக்கம் இல்லை" என்று சொன்னது பணம் முழுவதும் வாங்கிய பிறகு.

பாதித் தொகை தருகிறேன், நீங்கள் போட்ட ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்கிறார் ஸ்டூடியோக்காரர் இப்போது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பெயரை இங்கே போடாததற்கும் அதுதான் காரணம். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அவர் பயமுறுத்திப் பார்த்தார். 2019 சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், பில், கண்மணியைப் பெரிதாக்கிய படங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.