தீ தாங்கும் ஆவணப் பை: விளம்பரம் சொல்வதும் வீடிழந்தவர்கள் சொல்வதும்

இணையக் கடைகளில் 'தீ தாங்கும் ஆவணப் பை' என்று தேடினால், ஒரே தொழிற்சாலையில் தைத்தவை போலத் தோன்றும் பைகள் வெவ்வேறு வணிகப் பெயர்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. சாம்பல் அல்லது கறுப்பு நிறம், கண்ணாடி இழைத் துணியின்மேல் சிலிக்கோன் பூச்சு, உள்ளே அலுமினியத் தாள், மூன்று பக்கமும் ஓடும் ஜிப், அதை மூடும் வெல்க்ரோ மடிப்பு ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. விலை, அளவைப் பொறுத்து இருபது சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து அறுபது வெள்ளி வரை இருக்கிறது. நான் வாங்கியவை இரண்டு: ஏ4 தாள் மடியாமல் நுழையும் தட்டைப் பை ஒன்று, விசிறிமடிப்புக் கோப்பு வைத்த பெட்டி வடிவப் பை ஒன்று. ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் தவிர இவற்றுக்கும் மற்ற விற்பனையாளர்களின் பைகளுக்கும் வேறுபாடு எதையும் நான் காணவில்லை. ஆகவே இந்த மதிப்புரை ஒரு நிறுவனத்தைப் பற்றியதன்று, இந்த வகைப் பொருளைப் பற்றியது.

சிங்கப்பூரில் காடு எரிந்து யாருக்கும் வீடு போவதில்லை. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது நமக்குப் புகைமூட்டமாக வந்து சேரும். 2013 ஜூன் மாதம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோதுகூட நாம் சன்னலைச் சாத்திவிட்டு முகக்கவசம் தேடி அலைந்தோமே தவிர, வீட்டை விட்டு ஓடவில்லை. இந்தப் பையைப் பற்றி என்னை யோசிக்க வைத்த ஊர், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் அல்டடீனா. என் அக்கா குடும்பம் அங்கே லேக் அவென்யூவுக்கு மேற்கே குடியிருந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை ஆறேகால் மணியளவில் ஈட்டன் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, சூறைக்காற்றில் தணலாகப் பறந்து ஊருக்குள் இறங்கியது. அந்தக் காற்றில் ஹெலிகாப்டர்களாலும் பறந்து நீரூற்ற இயலவில்லை. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 19 பேர் இறந்தனர். மேற்கு அல்டடீனாவுக்கு வெளியேற்ற உத்தரவு மறுநாள் அதிகாலை 3.25 மணி அளவில்தான் வந்தது என்பதும், இறந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் அந்தப் பகுதியினர் என்பதும் இன்றும் அவ்வூர் மக்களின் மனத்தில் ஆறாத கோபமாக இருக்கின்றன. அக்காவும் அத்தானும் உத்தரவுக்குக் காத்திராமல், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியதும் மகளை எழுப்பிக்கொண்டு பசடீனா மாநாட்டு மையத்தில் திறந்திருந்த தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மடிக்கணினி ஒன்று, அத்தானின் இரத்த அழுத்த மாத்திரைகள், மகளின் பள்ளிப்பை ஆகியவை காரில் ஏறின. கடப்பிதழ்களும் வீட்டுப் பத்திரமும் திருமண ஆல்பமும் படுக்கையறை அலமாரியிலேயே தங்கிவிட்டன.

இனி விளம்பரத்துக்கு வருவோம். ஏறத்தாழ எல்லா விற்பனையாளர்களும் 1,093 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்; அமெரிக்கக் கணக்கில் அது 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் முழு எண்ணாக அழகாகத் தெரிகிறது. அந்த வெப்பத்தில் துணி பற்றி எரியாது என்பதற்கும், பைக்குள் இருக்கும் தாள் பிழைக்கும் என்பதற்கும் உள்ள தொலைவை எந்தப் பக்கமும் சொல்வதில்லை. தாள் சுமார் 230 டிகிரியில் தானாகவே பற்றிக்கொள்ளும். தீ தாங்கும் பெட்டிகளுக்கான யுஎல் 72 என்னும் அமெரிக்கத் தரச்சோதனை அதனால்தான் வெளிப்பக்கத்தைப் பார்க்காமல் உள்வெப்பத்தை அளக்கிறது: ஒரு மணி நேரச் சான்று வேண்டுமென்றால், 927 டிகிரி வரை சூடேறும் உலையில் வைத்த பெட்டியின் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக்கூடாது. கணினித் தரவுச் சாதனங்களுக்கான வரம்பு இன்னும் கடுமையானது, 52 டிகிரிதான். நான் வாங்கிய இரண்டு பைகளிலும் இத்தகைய சான்று எதுவும் இல்லை. 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் இருந்தது. எந்த ஆய்வகம், எவ்வளவு நேரம் என்ற விவரம் இல்லை.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடும்பமாகக் கூடிய ஒரு நாளில், கோழி இறக்கிய பிறகு தணலாக இருந்த கரியின்மேல் தட்டைப் பையை வைத்துப் பார்த்தேன். உள்ளே பழைய தமிழ் முரசு ஒன்று, காலாவதியான உறுப்பினர் அட்டை, தேவையற்ற சில புகைப்படப் பிரதிகள், ஒரு வெற்று உறை ஆகியவற்றைப் போட்டிருந்தேன். சிலிக்கோன் புகையின் நாற்றத்துக்குப் பக்கத்து அடுப்புக்காரர்கள் முகம் சுளித்தது நியாயமே. பத்து நிமிடத்துக்குப் பிறகு எடுத்தபோது துணி வெளுத்து மொறமொறத்திருந்தாலும் ஓட்டை விழவில்லை. செய்தித்தாளின் ஓரங்கள் பழுத்திருந்தன, எழுத்தைப் படிக்க முடிந்தது. பிளாஸ்டிக் அட்டை சுருண்டுவிட்டது. புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் உரிந்து வந்தது. தோசைக்கல்லை இறக்கப் பிடிக்கும் கைப்பிடித் துணி எவ்வளவு நேரம் கையைக் காக்குமோ, ஏறத்தாழ அதே வகையான பாதுகாப்புதான் இந்தப் பை தருவதும்: சமையலறையில் தொடங்கி, தீயணைப்பாளர்கள் சில நிமிடங்களில் வந்து அணைத்துவிடும் தீயில், அடுத்த அறையில் இருக்கும் தாள்களைக் காப்பாற்ற அது போதலாம்.

அல்டடீனாவில் எரிந்தது அப்படிப்பட்ட தீ அன்று. அணைக்க வருவார் இல்லாமல், கூரையும் சுவரும் தளமும் எரிந்து முடியும்வரை மணிக்கணக்கில் எரிந்தது. சில வாரங்கள் கழித்து அனுமதி பெற்று என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து சாம்பலைச் சலித்தபோது அவர்களுக்குக் கிடைத்தவற்றை அக்கா படமெடுத்து அனுப்பினார். பித்தளைக் குத்துவிளக்கு உருகி, அடித்தட்டு மட்டும் ஓர் அடையாகக் கிடந்தது. அலுமினியப் பாத்திரங்கள் கோடாக ஓடி உறைந்திருந்தன. 1,400 டிகிரி வரை உருகாத எவர்சில்வர் தம்ளர்கள் மட்டும் கறுத்துப்போய் வடிவம் மாறாமல் இருந்தன. ஆனால் பழைய வண்ணப்பூச்சிலிருந்து வந்த ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் சாம்பலில் கலந்திருக்கும் என்று எச்சரிக்கப்பட்டதால் அவற்றையும் எடுத்துவரவில்லை. தங்கம் 1,064 டிகிரியில் உருகும். நகைக்குரிய கலப்புத் தங்கம் அதற்கும் முன்பே. உருண்டையாகிவிட்ட ஒரு துளியை அக்கா கண்டெடுத்தார், அது வளையலா தோடா என்று சொல்ல முடியவில்லை. அத்தான் வைத்திருந்த சிறிய இரும்புப் பெட்டகத்தின் கதவு வளைந்து திறந்திருந்தது, உள்ளே வெள்ளைத் தூள் மட்டுமே இருந்தது. அரைமணி நேரத்துக்கான பெட்டகமே அவ்வாறு ஆகுமென்றால், முப்பது வெள்ளித் துணிப்பையை அதே அலமாரியில் வைத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் இந்தப் பையை நான் வாங்கியது சரியே என்று எண்ணுகிறேன். அதற்குக் காரணம் அதன் கைப்பிடி. அக்காவிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், எதை எடுப்பது என்று தெரியாமல் அறைக்கு அறை நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். எல்லாத் தாள்களும் கைப்பிடியுள்ள ஒரே பையில், வாசலுக்கு அருகே இருந்திருந்தால் அது பிளாஸ்டிக் பையாக இருந்தாலும் தப்பியிருக்கும். தீ தாங்கும் என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் இருபது வெள்ளி, நம்மை உட்கார வைத்து ஆவணங்களைப் பிரிக்க வைத்தால், அந்த அளவில் பணம் வீணாவதில்லை.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எந்தத் தாள் எப்போது தேவைப்பட்டது என்பதைப் பார்த்தபின் பைக்குள் வைப்பவற்றை நான் மாற்றிக்கொண்டேன். முதல் வாரம் அவர்கள் ஃபெமா எனப்படும் அமெரிக்கப் பேரிடர் அமைப்பிடம் பதிவு செய்யவும், வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் கேட்கப்பட்டவை அடையாளச் சான்று, முகவரிச் சான்று, காப்புறுதி எண் ஆகிய மூன்றுதான். கடப்பிதழும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டையும் மீண்டும் கிடைத்தன. நேரமும் கட்டணமும் போயின, அவ்வளவே. உண்மையான பாடு காப்புறுதிக்கான பொருட்பட்டியலில் இருந்தது. வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும், வாங்கிய ஆண்டு, விலை ஆகியவற்றோடு எழுதித் தரவேண்டும். தலையணை உறையிலிருந்து இட்லித்தட்டு வரை. எரிந்துபோன அறைக்குள் மனத்தால் மீண்டும் மீண்டும் நுழைந்து எண்ண வேண்டிய அந்த வேலையைப் பல இரவுகள் அக்கா பாதியில் நிறுத்திவிட்டு எங்களை அழைப்பார். அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் வீடு முழுவதும் அழிந்தால், வீட்டுப்பொருள் காப்புத்தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பட்டியல் கேட்காமலேயே தரவேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் அப்போது சொன்னது. மீதித் தொகைக்குப் பட்டியல்தான் வழி.

அந்தப் பட்டியலை நிரப்பியது எந்தப் பையிலும் இல்லாத ஒன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொலுவுக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா அனுப்பியிருந்த படங்களைச் செங்காங்கில் நானும், ஈப்போவில் சித்தியும், திருச்சியில் அம்மாவும் தேடியெடுத்தோம். முறுக்குத் தட்டுக்குப் பின்னால் தெரிந்த குளிர்பதனப் பெட்டியின் மாதிரி எண், கொலுப்படிக்குப் பக்கத்தில் இருந்த வீணை, மகள் கேக் வெட்டும்போது சுவரில் மாட்டியிருந்த தஞ்சாவூர் ஓவியம் என்று படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்து வரிசை வரிசையாக எழுதினோம். திருமண ஆல்பத்தின் இரண்டாம் பிரதி அம்மாவிடம் இருந்தது. அதையும் ஒளிவருடி அனுப்பினோம். அத்தானின் அப்பா கையால் எழுதிய ஜாதக நோட்டுக்குப் பிரதி எங்கும் இல்லை.

ஆகவே இந்தப் பையை வாங்குவோர் விற்பனைப் பக்கத்தின் படங்களில் காட்டியபடி அடைக்க வேண்டாம். அந்தப் படங்களில் புகைப்படங்களும் வன்தட்டும் பணக்கட்டும் பைக்குள் கிடக்கின்றன. வெப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் தாங்காமற்போவது புகைப்படமும் வன்தட்டும்தான். அவற்றின் பிரதிகள் வேறொரு கூரையின்கீழ், முடிந்தால் வேறொரு நாட்டில் இருக்கட்டும். பையில் வைக்க ஏற்றவை மூலத்தாள்கள். சிங்கப்பூரில் 2022 மே 29ஆம் தேதிக்குப் பிறகு பதிவான பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்னியல் வடிவிலேயே வழங்கப்படுகின்றன. அவற்றுக்குப் பை தேவையில்லை. அதற்கு முந்தைய தாள் சான்றிதழ்கள், ஊரில் படித்தவர்களின் மதிப்பெண் பட்டியல், தமிழ்நாட்டில் உள்ள நிலத்தின் மூலப்பத்திரம், உயில், நோட்டு வடிவிலுள்ள ஜாதகம் ஆகியவை முதலிடம் பெறவேண்டும். காப்புறுதித் தாளின் பிரதியும் இருக்கட்டும். அதை வைக்கும்போதே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. சிங்கப்பூரின் அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) கடன் உள்ளவர்கள் கட்டாயமாக எடுக்கும் தீக் காப்புறுதி கட்டடத்துக்கும் கழகம் பொருத்திய அமைப்புகளுக்கும் மட்டுமே உரியது. அறைகலனுக்கோ நாம் செய்த புதுப்பிப்புக்கோ அது ஒரு காசும் தராது என்பதை அறியாத நண்பர்கள் எனக்கு நிறையவே இருக்கிறார்கள்.

பொருளின் குறைகளையும் சொல்லவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், சிலிக்கோன் பூசிய பைக்குள் தாள் மூச்சுவிட முடியாமல் நமுத்துப்போகிறது; ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றவேண்டியிருக்கிறது. தையல் ஓரங்களில் கண்ணாடி இழை வெளியே நீட்டி, கையில் பட்டால் அரிக்கிறது. சிறு பிள்ளைகள் எடுத்து விளையாடும் இடத்தில் இதை வைக்கக் கூடாது. தட்டைப் பையின் ஜிப் மூலையில் சிக்குகிறது. பெட்டி வடிவப் பையின் மூன்று இலக்கப் பூட்டு பயனற்றது. ஜிப்பின் இழுவையைப் பூட்டினாலும் துணியைக் கத்தரித்துவிடலாம், அவசரத்தில் எண் நினைவுக்கு வராமல் நாமே வெளியே நிற்க நேரலாம். நிரப்பிய பிறகு அந்தப் பெட்டிப் பை என் மாமியாரால் ஒரு கையால் தூக்க முடியாத கனத்துக்கு வந்துவிட்டது.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை பரிந்துரைக்கும் தயார்நிலைப் பையில் கைவிளக்கு, மருந்து, முகக்கவசம் ஆகியவற்றோடு ஆவணங்களுக்கான நீர்புகா உறையும் உண்டு. தட்டைப் பை அந்த உறையின் இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. முதுகுப்பைக்குள் அடங்குகிறது, நீரும் எளிதில் இறங்குவதில்லை. வாங்குவதானால் முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும் தட்டை வடிவத்தை, பூட்டு இல்லாததாக, கைப்பிடி இரட்டைத் தையலிட்டதாகப் பார்த்து வாங்கலாம். அலமாரியின் அடித்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காமல், காலணி அடுக்குக்கு மேலே, வீட்டுச் சாவி தொங்கும் ஆணியின் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கவேண்டும். பெட்டி வடிவத்தை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். விற்பனையாளர் பணத்தைக் குறையாமல் தந்துவிட்டார்.