கசெட் பெட்டியா பிளேஸ்டேஷனா: உப்புக்காற்றில் எது தாங்கும்?

தொண்ணூறுகளில் விளையாடியதில் எது சிறந்த கேம் என்று யாராவது கதையைத் தொடக்கினால் திருகோணமலையில் எங்கள் வயதுக்காரர் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். கசெட் போடும் டிவி கேமோடு வளர்ந்தவர்களுக்குக் சுட்டுக்கொண்டே ஓடும் கொன்ட்ராவும் மாரியோவும் டாங்கியும்தான். கொஞ்சம் பிந்திப் பிளேஸ்டேஷன் பார்த்தவர்கள் சண்டை கேமான டெக்கன் 3, கார் ஓட்டும் கிரான் டூரிஸ்மோ என்று நிற்பார்கள். நடுவில் சேகா வைத்திருந்த ஒரு சிலர். அக்காவின் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடப் பழைய பெட்டி ஒன்று வாங்குவோம் என்று இறங்கியபோது இந்த மூன்றையும் நானே எடைபோட வேண்டி வந்தது. கடைசியில் வாங்கியது கசெட் பெட்டி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

படம், பாட்டு, கதை என்று பார்த்தால் பிளேஸ்டேஷன் எங்கோ மேலே. மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது, பிளேஸ்டேஷனில் ஒரு சிடியே 600 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும், இதில் வாதாட ஒன்றுமில்லை. சேகா மெகா டிரைவ் இரண்டுக்கும் இடையில். 1991இல் வந்த சோனிக்கின் வேகம் இன்றைக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் ரேஜ் 2 இருவர் சேர்ந்து அடிபட அருமையான கேம். ஆனால் சேகாவை நான் கூட்டாளி வீட்டில்தான் விளையாடியிருக்கிறேன், சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை. அதுவும் கசெட்தான் என்பதால் கீழே சொல்வதில் பாதி அதற்கும் பொருந்தும். தேடிய நேரத்தில் ஊருக்குள் நல்ல கசெட்டுகள் என் கையில் அகப்படவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். எங்கள் வீடு டச்சுக் குடாப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலில் இருந்து நேரே வீட்டுக்குள் வரும், ஜன்னல் கொக்கி முதல் மின்விசிறி ஆணி வரை துருப்பிடிக்கும். கோடையில் கச்சான் காற்று தொடங்கினால் மறுபக்கத்தால் தூசு. உப்பும் ஈரமும் ஒரு பருவம், தூசு இன்னொரு பருவம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பெட்டிக்குள் போய்க்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய சாமானை வாங்கும்போது உள்ளே அசைகிற பாகம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பிளேஸ்டேஷனில் இருக்கிறது. சிடியைச் சுற்ற ஒரு மோட்டார், அதை வாசிக்கும் லேசர் கண்ணைத் தள்ள இன்னொரு மோட்டார், அதற்குப் பல்சக்கரம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணே தூசுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. முதலில் வந்த பெரிய சாம்பல் பெட்டிகளில் லேசர் ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து சாய்ந்துவிடும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. கவிழ்த்தால் கண் வேறு கோணத்தில் உட்கார்ந்து கொஞ்ச நாள் வாசிக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். லேசரை மாற்றலாம், ஆனால் இன்று வருவதில் எது நல்லது, எது கழித்துப்போட்டது என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. சிடியும் அப்படித்தான். எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் பிரதி எடுத்த சிடிகள், அவற்றின் சாயம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மங்கிக்கொண்டே வரும். சிடி டிரைவைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்ட் போடும் போர்டு இப்போது வருகிறது. அது இந்தத் தலைவலியில் பெரும்பகுதியைத் தீர்க்கும், ஆனால் பழைய பெட்டியின் விலைக்கு மேல் இன்னொரு விலை கொடுக்க வேண்டும்.

கசெட் பெட்டியில் அசைவது பட்டனும் சுவிட்சும் மட்டும்தான். 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபெமிகொம்மைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல்கள்தான் எங்கள் ஊர் டிவி கேம் எல்லாமே, உள்ளே ஒரு சின்ன போர்டு, அதில் கறுப்புப் பசை அப்பிய ஒரு சில்லு. கசெட்டின் அடியில் 60 ஊசிகள் தொடுகிற செப்புத் தகடு. அதில் பச்சை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். பார்மசியில் வாங்கும் ஐசோபுரோபைல் அல்ககோலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து மெல்லத் துடைத்து, காயவிட்டுப் போட்டால் வேலை செய்யும். சிறுவயதில் எல்லாரும் செய்த மாதிரி வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் அந்தத் தகட்டை இன்னும் அரிக்கும். கட்டைவிரலால் பட்டனை அழுத்தி அழுத்தி வேலை செய்யாமல் போனால் உள்ளே இருக்கும் ரப்பரின் கரிப் பூச்சுத் தேய்ந்திருக்கும், அதையும் மாற்றலாம். மின்தேக்கி ஊதினால் ரேடியோ திருத்துகிற யாரும் பத்து நிமிடத்தில் ஒட்டித் தருவார்.

சேவ் பண்ண முடியாது என்பது கசெட் கேம்கள் மீது எல்லாரும் சொல்லும் குறை. பிளேஸ்டேஷனில் சேவ் பண்ண 15 இடங்கள் கொண்ட மெமரி கார்ட் உண்டு, கிரான் டூரிஸ்மோவில் லைசென்ஸ் எடுத்துக் கார் சேர்த்து மாதக்கணக்கில் போகலாம், அது பெரிய சந்தோசம்தான். ஆனால் சேவ் இல்லாத கேம்களைச் செய்தவர்கள் அதை யோசித்தே செய்திருக்கிறார்கள். மாரியோவில் 32 கட்டங்கள் இருந்தாலும் 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரைக்கு மேலே ஏறி ஓடினால் குழாய் வழியாக நேரே 4ஆம் உலகம், அங்கே 4-2இல் மறைந்திருக்கும் கொடியில் ஏறினால் 8ஆம் உலகம். கரண்ட் போனாலும் மனம் நோகாது, திரும்பத் தொடங்கலாம். கொன்ட்ராவுக்கு எட்டுக் கட்டம், பழகியவர் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்.

இருவர் விளையாட்டில்தான் என் கட்சி உறுதியாகிறது. டெக்கன் 3 அருமை, ஆனால் எடி கோர்டோ என்ற வீரனை எடுத்துக் காலுதைப் பட்டனைக் கண்டபடி அழுத்துகிறவனோடு மோதும்போது பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் உள்ள வித்தியாசம் பாதி போய்விடும், அப்புறம் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். கொன்ட்ராவில் இருவரும் ஒரே பக்கம். மூன்றாம் கட்டத்து நீர்வீழ்ச்சியில் ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரை மேலே நகர்ந்து கீழே நிற்பவர் செத்துவிடுவார், அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்துத்தான் ஏற வேண்டும்.

டாங்கியை, அதாவது நம்கோ 1985இல் விட்ட பேட்டில் சிட்டியை, நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன். 35 கட்டம், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டாங்கிகள், கீழே செங்கல் சுவருக்குள் நாம் காக்க வேண்டிய ஒரு கழுகு. கூட்டாளியைத் தவறிச் சுட்டால் அவர் சாகமாட்டார், கொஞ்ச நேரம் அசையாமல் மினுங்கிக்கொண்டு நிற்பார், அந்த நேரத்துக்குள் எதிரி கழுகுக்குக் கிட்ட வந்துவிடும். "மாமா, என்னைச் சுடாதீங்கோ, கழுகைப் பாருங்கோ!" என்று மருமகன் கத்துவான். மண்வெட்டிப் படம் வந்தால் அவனே போய் எடுப்பான், செங்கல் சுவர் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகும். மைதானத்தை நாமே கட்டவும் இதில் இடமுண்டு. அவன் கழுகைச் சுற்றித் தண்ணீர் விட்டு வைக்கிறான், டாங்கி தண்ணீரைத் தாண்டாது ஆனால் குண்டு தாண்டும் என்பதை அவனே கண்டுபிடித்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கசெட் பெட்டி என்றால் மஞ்சள், வெள்ளை வயர் போடும் ஏவி துளை இருக்கிறதா என்று பாருங்கள், அன்ரெனா வயரில் சனல் தேடுவது பெரிய பாடு. அடாப்டரை மாற்றினால் வோல்ட்டோடு பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். வாத்துச் சுடும் துவக்குக்கு ஆசைப்பட்டால் பழைய பெட்டி டிவியும் வேண்டும், தட்டை டிவியில் அது வேலை செய்யாது. தனியாக இருந்து நீளக் கதை விளையாடத்தான் ஆசை என்றால் பிளேஸ்டேஷனையே வாங்குங்கள், அதிலும் 2000ஆம் ஆண்டு வந்த சின்ன வெள்ளைப் பெட்டி நல்லது, அதன் மின் அடாப்டர் வெளியே இருப்பதால் லேசர் பக்கம் சூடு குறைவு. விளையாடாத நேரத்தில் மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள்.