பாலைவனத்தில் ஒன்பது நாள்: காரைக்குடியிலிருந்து சென்ற ஒரு குழுப் பயணம்

காசிக்கும் நவக்கிரகத் தலங்களுக்கும் ஆண்டுதோறும் ஆட்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்குக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் குறைவில்லை. அவர்களில் ஒருவர் முதன்முறையாக இராஜஸ்தானத்துக்கு ஒரு பண்பாட்டுச் சுற்றுலாவை ஏற்பாடு செய்து, பாலைவனத் திருவிழாவையும் பழைய கோட்டைகளையும் வழிகாட்டிகளின் விளக்கத்தோடு காட்டுவதாகத் துண்டறிக்கை அச்சிட்டிருந்தார். 8 இரவு, 9 பகல். விமானக் கட்டணமும் மூன்று வேளை உணவும் சேர்த்துத் தலைக்கு 64,000 ரூபாய். 22 பேர் கொண்ட அந்தக் குழுவில் நானும் என் மனைவியும் சென்று வந்தோம். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; குறையாகச் சொல்ல இருப்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே காரணம்.

ஜெய்சல்மேரில் நடக்கும் பாலைவனத் திருவிழாவுக்கு அங்கே மரு மகோத்சவம் என்று பெயர். மாக மாதப் பௌர்ணமியில் முடியுமாறு மூன்று நாள் நடக்கும் அது, சில ஆண்டுகளில் நம் தைப்பூசத்தோடும் சில ஆண்டுகளில் மாசி மகத்தோடும் சேர்ந்து வருகிறது. நாங்கள் சென்ற ஆண்டில் தைப்பூசத்தோடு வந்துவிட்டதால், பழனிக்கு நடைப்பயணம் போகும் வழக்கமுள்ள வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. செட்டிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பிப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

ஜெய்ப்பூரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆம்பர் கோட்டை, 1799இல் கட்டப்பட்ட ஹவா மகால், ஜந்தர் மந்தர் ஆகிய மூன்றையும் ஒரே பகலில் ஓடி ஓடிப் பார்த்தோம். அன்று மாலை எங்களை ஒரு துணிக்கடைக்கு அழைத்துச் சென்றார்கள். அச்சுத்துணி செய்முறை விளக்கம் என்று சொல்லப்பட்ட அந்த நிகழ்ச்சியில் விளக்கம் பத்து நிமிடமும் விற்பனை இரண்டு மணி நேரமும் நடந்தன. கடைக்கும் பயண ஏற்பாட்டாளருக்கும் இடையே கமிஷன் ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை மறுநாள் ஷேகாவதியில் கொடுத்திருக்கலாம் என்பதுதான் இந்தப் பயணத்தைக் குறித்து எனக்குள்ள முதல் மனக்குறை. மண்டாவா, நவல்கட், பதேபூர், ராம்கட் முதலிய ஊர்கள் அடங்கிய ஷேகாவதியைத் தமிழ்நாட்டுப் பயண நிறுவனங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. இவர்கள் சேர்த்ததற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால் நவல்கட்டில் 1902இல் கட்டப்பட்டு இன்று அருங்காட்சியகமாக உள்ள போத்தார் ஹவேலிக்கு (ஹவேலி என்பது வணிகர் மாளிகை) 45 நிமிடமும், மண்டாவாவின் தெருக்களுக்கு அரை மணியும் ஒதுக்கினார்கள். கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் வீடு உள்ளவர்களை அழைத்துவந்து, இந்த வீடுகளின் முன்னே அரை மணி நேரம் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறச் சொல்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த நிறுவனம் உணரவில்லை.

ஷேகாவதியில் வீடு கட்டியவர்கள் மார்வாடி வணிகர்கள். ஒட்டகத்தில் சரக்கேற்றிப் பாலைவனத்தைக் கடந்து நடந்த வணிகம், துறைமுகங்களும் இருப்புப்பாதையும் வந்தபின் தளர்ந்தது. அந்தக் குடும்பத்து ஆண்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்று பொருள் ஈட்டினார்கள். ஈட்டியதைப் பிறந்த ஊரில் வீடாகக் கட்டினார்கள். கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்விட்டு, ஊரில் தேக்குத் தூண்களை நிறுத்திய நகரத்தார் கதையிலிருந்து இது எவ்வளவு தொலைவு? ஹவேலியில் ஆண்கள் அமர்ந்து கணக்கு வழக்குப் பார்க்கும் வெளி முற்றமும், பெண்கள் புழங்கும் உள் முற்றமும் தனித்தனியே இருக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போகப் போக வீட்டார்க்கு மட்டும் உரியதாகிவிடும் நம் வீட்டு அமைப்பை அறிந்தவர்களுக்கு அங்கே எந்தக் கதவு எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேறுபாடு சுவரில் இருக்கிறது. நாம் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணச்சாந்தைக் கண்ணாடிபோல் தேய்த்து வெறுமையாக விட்டோம். அவர்களோ, ஈரம் உலர்வதற்கு முன்பே சாந்தின்மீது வண்ணம் தீட்டி, தெருவைப் பார்த்த சுவர் முழுவதையும் படமாக்கினார்கள். கிருஷ்ணனும் யானைகளும் ஒரு வரிசையில் இருக்க, அடுத்த வரிசையில் புகைவண்டியும் மோட்டார் காரும் தொப்பி வைத்த துரையும் இருக்கிறார்கள். எங்களோடு வந்திருந்த தேவகோட்டை ஆச்சி ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “நாம உள்ள வச்சுப் பூட்டினத எல்லாம் இவுக ஊர் பார்க்கட்டும்னு வெளிய வரஞ்சு வச்சிருக்காக” என்றார். அந்த நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த விளக்கம் அதுதான்.

பூட்டிய கதவும் பொதுவானதே. மண்டாவாவில் பல வீடுகளுக்குக் காவல்காரர் மட்டுமே இருக்கிறார். பங்காளிகள் கல்கத்தாவிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். பிரித்தெடுக்கப்பட்ட கதவுகளும் நிலைகளும் எங்கே போகும் என்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்க நினைத்தோம். அவர் இந்தியில் பத்து நிமிடம் உற்சாகமாகப் பேசியதை, எங்களுடன் வந்த நிறுவன மேலாளர் “இது ஒரு சேட்டு வீடு, நூறு வருடப் பழமை” என்று மொழிபெயர்த்து முடித்துக்கொண்டார். மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்பாமல் பண்பாட்டுச் சுற்றுலா என்று பெயர் வைப்பது சரியன்று.

பிகானேரில் ஓர் இரவு. அரசர் ராய் சிங் காலத்தில் கட்டப்பட்ட ஜூனாகட் கோட்டை, மற்றவற்றைப்போல் மலைமீது இல்லாமல் சமதரையில் இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்றது. தேஷ்நோக்கில் எலிகள் நிறைந்த கர்ணி மாதா கோவிலுக்குள் குழுவில் பாதிப்பேர் வரவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு எலிகளுக்கிடையே நடப்பது பற்றி முன்பே சொல்லியிருந்தால் காலுறையாவது எடுத்து வந்திருப்பார்கள். அங்கிருந்து ஜெய்சல்மேருக்குச் சுமார் 330 கிலோமீட்டர். அந்த நெடும்பயணத்தில் பேருந்து நன்றாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர், நல்ல கழிப்பறை உள்ள இடங்களாகத் தேடி நிறுத்தினார்கள். இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஜெய்சல்மேரில் எல்லாம் மாறியது. அரசு உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர் மூன்று நாளும் உடனிருந்தார்; எளிய ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசியதால், குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை அப்படியே தமிழில் சொல்லி வந்தார். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை இது. மஞ்சள் மணற்கல், மாலை வெயிலில் பொன்னாகத் தெரிகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவர் சொன்னது வேறு. ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கும் கோட்டை இது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத ஊருக்குக் கட்டப்பட்டது. குடத்தில் நீர் சுமந்து புழங்கிய வீடுகளுக்குக் குழாய் நீர் வந்தபின், கழிவுநீர் அடித்தளத்துக்குள் இறங்கிச் சுவர்களைத் தளர்த்துகிறது. நீரில்லாமல் எட்டு நூற்றாண்டு நின்ற கோட்டைக்கு நீரே பகையானது என்று அவர் சொன்னபோது, ஊருணிகளைத் தூர்த்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களிலிருந்து வந்த எங்களுக்குச் சிறிது சங்கடமாக இருந்தது.

பட்வா ஹவேலி 1805இல் தொடங்கி, ஒரே வணிகக் குடும்பத்தின் ஐந்து மகன்களுக்காக ஐந்து வீடுகளாக எழுந்தது. கல்லை மரம்போல் குடைந்திருக்கிறார்கள். நம் நிலைக்கதவுகளில் தச்சர் காட்டிய நுணுக்கத்தை அங்கே சிற்பி மணற்கல்லில் காட்டுகிறார். சிந்து வழியாக மேற்கே நடந்த வணிகத்தில் வளர்ந்த அந்த ஊருக்கு, பம்பாய்த் துறைமுகம் எழுந்ததும் சரிவு வந்தது. 1947இல் எல்லைக் கோடு விழுந்தபோது பழைய பாதை அடியோடு மூடப்பட்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த வயலையும் கடையையும் விட்டு நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் குழுவிலேயே மூவர் இருந்தார்கள். ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு முடிவுகள். வழிகாட்டிக்கு எங்கள் கதை தெரியாது. கேட்டபின் அவர் அடுத்த வீட்டுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு மணி நேரம் பயணத் திட்டத்தில் இல்லாதது.

திருவிழாவைப் பொறுத்தவரை, துண்டறிக்கையில் முன்வரிசை இருக்கை என்று அச்சிட்டிருந்தார்கள். மைதானத்தில் எங்களுக்கு இருக்கையே இல்லை. முதல் நாள் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு பார்த்தோம், மேலாளர் நுழைவுவாயிலுக்கும் அலைபேசிக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தார். எழுபது வயதுக்காரர்களை அப்படி நிறுத்தியது மன்னிக்கத்தக்கதன்று. ஆனாலும் நிகழ்ச்சிகள் நின்று பார்க்கத் தகுந்தவையே. கடிசர் ஏரியிலிருந்து புறப்பட்ட ஊர்வலம், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, தாடியும் மீசையும் முழு உடையுமாக இளைஞர்கள் மேடையேறும் மருஸ்ரீ தேர்வு, எல்லைப் பாதுகாப்புப் படையினரின் ஒட்டக அணிவகுப்பு என்று நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. மீசைப் போட்டியில் சிரிப்புக்கு இடமில்லை. நம் ஊர் மஞ்சுவிரட்டில் காளையைப் பற்றிப் பேசும் அதே தீவிரத்தோடு அங்கே மீசையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இரவில் மாங்கணியார் இசைக்குழுவினர் பாடினார்கள். இசுலாமியர்களான இவர்கள் தலைமுறை தலைமுறையாக இராஜபுத்திரக் குடும்பங்களின் திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடி, அந்தக் குடும்பங்களின் வம்சாவளியையும் மனத்தில் வைத்திருப்பவர்கள், கிருஷ்ணன்மேலும் பாடுகிறார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சா என்ற நரம்பிசைக் கருவியின் வில்லொலி கீழ்ச்சுருதியில் எழுந்தபோது அரங்கம் அடங்கிவிட்டது. மறுநாள் சாம் மணல்மேட்டுக் கூடாரத்தில், பண்பாட்டு இரவு என்ற பெயரில் அதே இனத்துக் கலைஞர் ஒருவரை மூலையில் உட்காரவைத்துவிட்டு ஒலிபெருக்கியில் திரைப்பாடல் போட்டு ஆடச் சொன்னார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கல்பேலியா ஆட்டமும் அந்த இரைச்சலில் பத்து நிமிடத்தில் முடிந்தது. எங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால், விருந்துக்குப் பின் அந்தக் கலைஞர் கூடாரத்துக்கு வெளியே நெருப்பருகே அரை மணி நேரம் வாசித்தார். கூடாரத்தில் இரவுக் குளிர் கடுமையானது. கொடுத்த ஒரு போர்வை போதாது.

உணவைப் பற்றிக் குழுவில் இரு கட்சி. நிறுவனம் சமையல்காரரை உடன் அழைத்து வந்ததால் காலையில் இட்டலியும் இரவில் இரசமும் தவறாமல் கிடைத்தன; முதியவர்கள் வாழ்த்தினார்கள். நான் எதிர்க்கட்சி. ஒன்பது நாளில் அந்த மண்ணின் சாப்பாடு மூன்று முறைதான் கிடைத்தது. அதில் கேர் சாங்ரி என்ற ஒன்றைத் தவறவிடக் கூடாது. பாலைவனக் காய்களைக் காயவைத்து எடுத்துவைத்து, வேண்டும்போது ஊறவைத்துக் காரமாக வதக்குகிறார்கள். மாவற்றலும் சுண்டைவற்றலும் பானையில் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவை அந்நியமாகத் தோன்றாது. சாங்ரி காய்க்கும் கேஜ்ரி மரம் வேறொன்றுமில்லை, நம் சிவன் கோவில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான்.

அந்த மரத்தைப் பற்றிய கதையை ஜோத்பூர் வழிகாட்டி சொன்னார். 1730இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி வன்னி மரங்களை வெட்டவந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் முதலாக 363 பிஷ்னோய்ச் சமயத்தார் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள். அந்தக் கேஜர்லி கிராமம் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தும் எங்கள் திட்டத்தில் இல்லை. மெஹ்ரான்கட் கோட்டையைக் குறைசொல்ல இடமில்லை. மின்தூக்கி உண்டு, அருங்காட்சியகம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது, ஒலிவழிகாட்டிக் கருவி எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் வேகத்தில் பார்த்தார்கள்.

64,000 ரூபாய்க்கு இது தகுமா என்று கேட்கிறவர்களிடம், ஜெய்சல்மேர்ப் பகுதிக்காகத் தகும் என்றே சொல்லி வருகிறேன். முன்பணம் கட்டும் முன், தமிழில் விளக்கப்போகிறவர் யார், திருவிழாவில் இருக்கை உறுதியா, கடைகளுக்கு எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும் நான் இவற்றையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக நிறுவனத்திடம் கொடுத்தேன். உரிமையாளர் பொறுமையாகப் படித்து, ஷேகாவதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவதாகச் சொன்னார். சென்ற வாரம் அடுத்த பயணத்தின் துண்டறிக்கை வந்தது. நவல்கட்டுக்கு அரை நாள் ஆகியிருக்கிறது. ஜெய்ப்பூர்த் துணிக்கடைக்கு இப்போது ‘கைவினைப் பாரம்பரியக் காட்சி’ என்று பெயர்.